ஏறும் கோடு, இறங்கும் கோடு: வரைபடம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

ரயில்வே கன்ட்ரோல் ஆபீஸில் செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கு வாத்தியார் இல்லை. ஆனால் எங்கள் பிழைப்பே கோடு போடுவதுதான். மேசை நீளத்துக்கு விரித்த சார்ட்டில் படுக்கைவாட்டில் நேரம், நெடுக்குவாட்டில் ஸ்டேஷன்கள். ‘இன்ன வண்டி வந்தது, போனது’ என்று ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் சொல்லச் சொல்லப் புள்ளி வைப்போம். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. ஒரு திசையில் போகும் வண்டிகள் எல்லாம் ஏறும் கோடுகள், எதிர்த்திசையில் வருபவை இறங்கும் கோடுகள். ஷிப்ட் முடியும்போது தாள் முழுக்கப் பாய் முடைந்த மாதிரி இருக்கும். இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே எத்தியென்-ழூல் மாரே என்ற பிரெஞ்சு அறிஞர் பாரிஸ்–லியோன் ரயில்களின் கால அட்டவணையை இதே மாதிரிக் கோடுகளாகத் தம் நூலில் போட்டுக் காட்டியிருக்கிறார். இன்றைக்குக் கம்ப்யூட்டரே கோடு போட்டுவிடுகிறது. போடுகிறவர் மாறினாலும் கோட்டின் பொருள் அதேதான்.

சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் நோட்டும் கையுமாக வந்து உட்காருவார்கள். ஒன்பதாவது, பத்தாவது படிப்பவர்கள். சூத்திரம் எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். ‘சரி, இந்தச் சாய்வு ஏன் மைனஸ்?’ என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களுக்குச் சொல்லிவருவதை எண் போட்டு எழுதியிருக்கிறேன். அவசரமாக இருந்தால் எதை வேண்டுமானாலும் தாண்டிப் போகலாம், முதல் மூன்றைத் தவிர.

1. கோட்டைப் பார்க்கும் முன்னால் அச்சைப் படி.

வரைபடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கீழே எழுதியிருப்பது கூடிக்கொண்டே போகும்போது, பக்கவாட்டில் எழுதியிருப்பது என்ன ஆகிறது? அதுவும் கூடினால் சாய்வு மிகை. அது குறைந்தால் சாய்வு குறை. இவ்வளவுதான் பாடம். மீதி எல்லாம் இதைச் சிக்கலில்லாமல் பயன்படுத்தும் பழக்கம்.

நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,200 மீட்டரில். இடையில் 46 கிலோமீட்டர் பாதை. கீழே ‘மேட்டுப்பாளையத்திலிருந்து தூரம்’, பக்கத்தில் ‘உயரம்’ என்று எழுதி வரை. கோடு ஏறும். காலையில் போன ரயில் பிற்பகலில் மலையை விட்டு இறங்குகிறது. அந்தத் திரும்பும் பயணத்தையும் அதே தாளில் வரை என்றால் பாதிப் பிள்ளைகள் யோசிக்காமல் இறங்கும் கோடு போடுவார்கள். தப்பு. குன்னூர் போகும்போதும் அதே உயரம்தான், வரும்போதும் அதே உயரம்தான்; மேட்டுப்பாளையத்திலிருந்து அதற்குள்ள தூரமும் மாறவில்லை. ஆகவே பழைய கோட்டின் மேலேயே கோடு விழும். சாய்வு மிகையேதான்.

இப்போது கீழே உள்ள ‘தூரம்’ என்பதை அடித்துவிட்டு ‘நேரம்’ என்று எழுது. போகும் பயணம் ஏறும் கோடு, வரும் பயணம் இறங்கும் கோடு என்று இரண்டாகப் பிரிந்துவிடும். மலை அதே மலை, ரயில் அதே ரயில். நீ அச்சில் எழுதிய ஒரு சொல் மாறியது, குறி மாறிவிட்டது. பிளஸ்ஸும் மைனஸும் ரயிலிலும் இல்லை, மலையிலும் இல்லை; நீ தேர்ந்தெடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டவனுக்குப் பிற்பாடு எந்த வரைபடமும் பயம் காட்டாது.

2. எப்போதும் இடமிருந்து வலமாகப் படி. கழிக்கும்போது வரிசையை மாற்றாதே.

தண்டவாளத்து ஓரத்தில் இரண்டு கை நீட்டிய சின்னக் கம்பம் ஒன்றைப் பார்த்திருப்பாய். ‘கிரேடியன்ட் போஸ்ட்’ என்போம். ஒரு கை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் ஏற்றம். கீழ்நோக்கி இருந்தால் இறக்கம். கையில் எழுதியிருக்கும் எண், எத்தனை மீட்டருக்கு ஒரு மீட்டர் என்பது. டிரைவருக்கு அவர் போகும் திசைதான் கணக்கு. ஒருவருக்கு ஏற்றமாக இருப்பது எதிரே வருபவருக்கு இறக்கம்.

வரைபடத்தில் அந்தப் பேச்சே கிடையாது. படிக்கிற திசை ஒன்றுதான், இடமிருந்து வலம். ‘சார், வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் இது இறங்குகிறதே’ என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. சூத்திரமே பதில் சொல்கிறது. (2, 3), (6, 11) என்ற இரண்டு புள்ளிகள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 8-இன் கீழ் 4, அதாவது 2. திருப்பிப் போட்டு முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் −8-இன் கீழ் −4. அதுவும் 2. வலமிருந்து வந்தால் உயரம் குறைகிறது, கூடவே எக்ஸும் குறைகிறது. இரண்டு மைனஸும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

எதிலிருந்து எதைக் கழிப்பது என்பது உன் இஷ்டம். மேலே ஒரு வரிசை, கீழே வேறொரு வரிசை என்று கழிப்பதுதான் கூடாது. குறி தலைகீழாகும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. அடுத்த இடம், புள்ளியிலேயே மைனஸ் இருக்கும்போது. (−2, 5), (4, −1) என்றால் கீழே 4 − (−2), அது 6. மேலே −1 − 5, அது −6. சாய்வு −1. அடைப்புக்குறி போடச் சோம்பல்பட்டால் 6 என்பது 2 ஆகிவிடும். விடையை எழுதும் முன் இரண்டு புள்ளிகளையும் ஓரத்தில் குத்துமதிப்பாகக் குறித்துப் பார்: கோடு இறங்குகிறதா? சரி, மைனஸ்தான் வர வேண்டும்.

3. மேலே இருப்பது வேறு, மேலே போவது வேறு.

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. நீர்மட்டம் நாள்தோறும் பேப்பரில் வரும். டெல்டாக்காரர்கள் ராசிபலனுக்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள். மட்டம் 110 அடி, நாளுக்கு அரை அடி வீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள். சாய்வு −0.5. இன்னொரு வருஷம் 50 அடி, நாளுக்கு 2 அடி ஏறுகிறது. சாய்வு +2. முதல் வருஷம் சாய்வு குறை, ஆனால் அணையில் தண்ணீர் தளும்புகிறது. இரண்டாம் வருஷம் சாய்வு மிகை, ஆனால் அணை பாதிகூட இல்லை. ஜூன் 12-ஆம் தேதி குறுவைக்குத் தண்ணீர் திறக்கலாமா என்று முடிவெடுப்பவர் இரண்டையும் பார்க்க வேண்டும்: எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது.

கோட்டுப்படங்களை நாட்டுக் கணக்குவழக்குக்கு முதன்முதலில் பெரிய அளவில் பயன்படுத்திய வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட அட்லஸில் ஒரு படம் உண்டு. 1700 முதல் 1780 வரை டென்மார்க், நார்வேயோடு இங்கிலாந்து நடத்திய ஏற்றுமதியும் இறக்குமதியும் இரண்டு கோடுகளாக. தொடக்கத்தில் இறக்குமதிக் கோடு மேலே. பிற்பாதியில் ஏற்றுமதிக் கோடு அதை வெட்டிக்கொண்டு மேலேறிவிடுகிறது. எது மேலே என்று மட்டும் பார்த்தவனுக்கு நடுவில் ஏதோ திடீரென்று மாறியதாகத் தோன்றும். சாய்வைப் பார்த்தவனுக்கு அந்த வெட்டு வரப்போவது முன்னாடியே தெரிந்திருக்கும்.

இதன் கூடவே ஒன்று. பிளஸ் என்றால் நல்லது, மைனஸ் என்றால் கெட்டது என்று ரிப்போர்ட் கார்டு பார்க்கிற கண்ணோடு வரைபடத்தைப் பார்க்காதே. நிலத்தடி நீரை ‘தரைக்குக் கீழே இத்தனை மீட்டர்’ என்று அளப்பது வழக்கம். அந்த எண்ணை அப்படியே மேல்நோக்கிக் குறித்தால், கோடு ஏற ஏறக் கிணறு வற்றுகிறது என்று அர்த்தம். காய்ச்சல்காரனின் டெம்பரேச்சர் சார்ட்டில் குறைச் சாய்வைப் பார்த்தால்தான் வீட்டார் தூங்குவார்கள்.

4. பூச்சியச் சாய்வையும் செங்குத்துக் கோட்டையும் குழப்பாதே.

பிள்ளைகள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இது. எங்கள் சார்ட்டை வைத்துச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடுகிறது. கீழே நேரம், பக்கத்தில் ஸ்டேஷன்கள் என்று சொன்னேன் இல்லையா? வண்டி ஒதுங்கி நிற்பதற்கான பக்கத் தண்டவாளமான லூப் லைனில் ஒரு கூட்ஸ் வண்டி சிக்னலுக்காகக் காத்து நிற்கிறது. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, இடம் மாறவில்லை. பென்சில் படுக்கையாகவே போகும். மேலே வித்தியாசம் 0, கீழே வித்தியாசம் 20 நிமிஷம். 0-ஐ 20-ஆல் வகுத்தால் 0. சாய்வு 0. அது ஓர் எண். ‘சாய்வு இல்லை’ என்று விடைத்தாளில் எழுதாதே. இருக்கிறது, அதன் மதிப்பு பூச்சியம்.

செங்குத்தாக ஒரு கோடு போட்டால்? நேரம் துளிகூட நகரவில்லை. வண்டியோ இந்த ஸ்டேஷனிலும் இருக்கிறது, அடுத்ததிலும் இருக்கிறது, அதற்கடுத்ததிலும் இருக்கிறது, எல்லாம் ஒரே நொடியில். அப்படி ஒரு வண்டி எந்த லோகோ ஷெட்டிலும் இல்லை. கணக்கிலும் கீழே 0 வந்துவிடுகிறது. 0-ஆல் வகுக்க முடியாது. அதனால்தான் அந்தச் சாய்வை ‘வரையறுக்கப்படவில்லை’ என்கிறார்கள். ‘முடிவிலி’ என்று சிலர் எழுதுவார்கள். பிளஸ் முடிவிலியா, மைனஸ் முடிவிலியா என்று அவர்களைத் திருப்பிக் கேள். ஏறும் கோட்டை மெல்ல மெல்ல நிமிர்த்தினாலும் செங்குத்தில்தான் போய் நிற்கும். இறங்கும் கோட்டை நிமிர்த்தினாலும் அங்கேதான். இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடுகிற இடத்துக்கு எந்தக் குறியைக் கொடுப்பது?

5. செங்குத்தை ஒப்பிடும்போது குறியைக் கழற்றி வை.

−3, −½. எது பெரிய எண்? −½. எந்தக் கோடு அதிகச் செங்குத்து? −3. இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றில்லை. ஊட்டி ரயில் ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் எடுக்கும், இறங்க மூன்றரை மணி. தூரம்–நேரம் படத்தில் ஏற்றத்தின் சாய்வு சுமார் +9, இறக்கத்தின் சாய்வு சுமார் −13. இறங்கும் கோடுதான் செங்குத்தானது, இறங்கும்போதுதான் வேகம். மைனஸ் திசையைச் சொல்கிறது, 13 வேகத்தைச் சொல்கிறது.

6. கண் சொல்வதை நம்பாதே, அளவுத்திட்டத்தைக் கேள்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலுக்குப் பல் சக்கரம் தேவைப்படுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டத்தைப் பதித்து, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்வி ஏறும். அங்கே மிகக் கடுமையான ஏற்றம் சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர். மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே ‘போர் காட்’ மலைப்பாதையில் 37-க்கு 1. அதற்கே பின்னாலிருந்து தள்ள ‘பேங்கர்’ எஞ்சின்களை மாட்டுவார்கள். இரும்பின் மேல் இரும்பு உருளும்போது பிடிமானம் அவ்வளவு குறைவு.

12-க்கு 1 என்பதைச் சாய்வாக எழுதினால் 0.083. சதவீதத்தில் 8.3. கோணமாகச் சொன்னால் 5 பாகைகூட இல்லை! வரைபடத்தாளில் எக்ஸ் அச்சுக்கும் ஒய் அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் வைத்து வரைந்து பார். ‘இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்று கேட்பாய். சக்கர நாற்காலிக்காகக் கட்டிட வாசலில் போடும் சாய்தளத்துக்கும் 12-க்கு 1-தான் பரவலாக உள்ள உச்சவரம்பு. ஆனால் சுற்றுலாப் புத்தகங்களில் மலைப்பாதையின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தால் ரயில் சுவரில் ஏறுவது போல இருக்கும். உயரத்துக்கு ஓர் அளவு, தூரத்துக்கு வேறோர் அளவு போட்டிருப்பார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அப்படிப் போடாவிட்டால் படத்தில் ஒன்றுமே தெரியாது. நீதான் ஓரத்து எண்களைப் படிக்க வேண்டும்.

சாய்வுக்கும் கோணத்துக்கும் உள்ள டேன்ஜென்ட் உறவு இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு இருந்தால்தான் தாளில் கண்ணுக்குத் தெரியும். பாகைமானியை எடுத்துப் படத்தில் வைத்து அளக்கிற பிள்ளைகளும் உண்டு. எண்களை வைத்துக் கணக்கிடு. 100 சதவீதச் சாய்வு என்றால் செங்குத்து என்று நினைப்பவர்கள் பெரியவர்களிலேயே நிறைய. இல்லை, அது 45 பாகை.

அளவுத்திட்டத்தை எப்படி மாற்றினாலும் கோட்டின் செங்குத்துத் தோற்றம்தான் மாறும். அச்சின் திசையைத் திருப்பாத வரை குறி மாறாது. கண் நம்பகமாகச் சொல்லும் ஒரே சங்கதி அந்தக் குறிதான்.

7. சாய்வுக்கு அலகு உண்டு. எழுது.

2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (மீட்டர் போட்டு ஓட்டினார்களா என்று கேட்காதே, கணக்குக்கு அது வேண்டாம்.) வரைந்தால் 1.8 வரை படுத்திருக்கும், சாய்வு 0. அங்கிருந்து ஏறும், சாய்வு 12. வெறும் 12 இல்லை, ‘கிலோமீட்டருக்கு 12 ரூபாய்’. இந்த ஏறும் துண்டைப் பின்பக்கமாக நீட்டினால் ஒய் அச்சை எங்கே வெட்டும்? 25-இல் என்பார்கள். போட்டுப் பார்: 25 − 12 × 1.8 = 3.40. மூன்று ரூபாய் நாற்பது காசுக்கு உன்னை யாரும் ஏற்றிக்கொள்ளப் போவதில்லை. கோடு அங்கே போகிறது, ஆட்டோ போகவில்லை. சமன்பாடு எந்த எல்லைக்குள் செல்லும் என்று பக்கத்தில் எழுதிவைக்கும் பழக்கம் நல்லது.

8. சமன்பாட்டில் பிளஸ்ஸைப் பார்த்ததும் மிகைச் சாய்வு என்று முடிவு கட்டாதே.

3எக்ஸ் + 4ஒய் = 12. எங்கே பார்த்தாலும் பிளஸ். சாய்வோ −¾. கூட்டுத்தொகை 12-இலேயே நிற்க வேண்டும் என்கிறது சமன்பாடு. எக்ஸ் தன் பங்கைக் கூட்டினால் ஒய் தன் பங்கைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். 2எக்ஸ் − 3ஒய் = 6 என்பதில் மைனஸ் தெரிகிறது, சாய்வு +⅔. எக்ஸும் ஒய்யும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது, கெழுக்கள் இரண்டுக்கும் ஒரே குறி என்றால் சாய்வு குறை. வேறு வேறு குறி என்றால் மிகை. சந்தேகம் வந்தால் ஒய்யைத் தனியே ஒரு பக்கம் கொண்டுவா. அதற்குப் பத்து நொடி போதும்.

9. செங்குத்தாக வெட்டும் இரண்டு கோடுகளில் ஒன்று ஏறும், மற்றது இறங்கும்.

பெருக்கற்பலன் −1 என்று மனப்பாடம் செய்திருப்பாய். தாளைக் கால் சுற்றுத் திருப்பு. 4 தள்ளி 3 ஏறிய கோடு, இப்போது 3 தள்ளி 4 இறங்கும் கோடாகிவிட்டது. தள்ளலும் ஏற்றமும் இடம் மாறின, ஒன்றுக்குக் குறி மாறியது. ¾ என்பது −4/3 ஆனது. அச்சுகளுக்கு இணையான கோடுகளுக்கு மட்டும் இந்தப் பெருக்கல் செல்லாது; ஏன் என்று நாலாவதில் சொல்லிவிட்டேன்.

10. யார் எந்த அச்சை எங்கே வைத்தார்கள் என்று பார்.

பதினொன்றாம் வகுப்பில் வணிகப் பிரிவுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். விலை கூடினால் வாங்குவது குறையும் என்பது தேவை விதி. கணக்குப் பழக்கப்படி விலையைக் கீழே வைக்க வேண்டும். பொருளியலில் அதைப் பக்கவாட்டில் வைப்பார்கள். ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் எழுதிய பொருளியல் நூலின் செல்வாக்கில் நிலைத்துப்போன வழக்கம் அது. பயப்பட வேண்டாம். இரண்டு அச்சுகளும் தங்களுக்குள் இடம் மாறிக்கொண்டால் சாய்வின் மதிப்பு தலைகீழாகும், −2 என்பது −½ ஆகும். குறி மாறாது. தேவைக்கோடு எப்படி வைத்தாலும் இறங்கத்தான் செய்யும்.

ஓர் அச்சை மட்டும் தலைகீழாகத் திருப்பினால்தான் குறி மாறும். கம்ப்யூட்டர் திரையில் நடப்பது அதுதான். திரையில் ஆதிப்புள்ளி இடது மேல் மூலையில் இருக்கும். ஒய் கீழ்நோக்கிக் கூடும். பைகேமில் விளையாட்டு எழுதும் என் பேரன், மிகைச் சாய்வு கொடுத்த கோடு ஏன் இறங்குகிறது என்று என்னிடம் வந்து நின்றான். ஸ்கிராட்ச்சிலும் பைத்தான் டர்டிலிலும் ஒய் மேல்நோக்கித்தான் கூடும். அங்கே பழகிவிட்டு வருகிறவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் வரும்.

11. இறங்குவதெல்லாம் நேர்க்கோடு இல்லை.

கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போகக் காற்றின் வெப்பம் குறைகிறது. விமானத் துறையினர் வைத்திருக்கும் பொது அளவுகோல்படி கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், அங்கிருந்து 11 கிலோமீட்டர் வரை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறைவு. சாய்வு −6.5, நேர்க்கோடு. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் 1.87 கிலோமீட்டர், பெருக்கினால் 12 டிகிரி. ஸ்வெட்டர் எடுத்து வைக்க அந்தக் கணக்கு போதும்.

46 கிலோமீட்டர் போக ஆகும் நேரத்தை வேகத்துக்கு எதிரே குறித்துப் பார். வேகம் 10 என்றால் 4.6 மணி; 20 என்றால் 2.3 மணி, 40 என்றால் 1.15 மணி. இதுவும் இறங்குகிறது. ஆனால் முதல் 10-க்குக் குறைந்தது 2.3 மணி, அடுத்த 20-க்குக் குறைந்தது 1.15 மணிதான். வளைவு. பத்தாம் வகுப்பில் எதிர் மாறல் வரைபடம் என்று வருவது இதுதான். ஸ்கேல் வைத்து இரண்டு புள்ளியை இணைத்துவிட்டு வராதே. குறைந்தது மூன்று புள்ளிகளுக்கு நடுவில் சாய்வைப் போட்டுப் பார்; ஒரே எண் வந்தால்தான் நேர்க்கோடு.

12. ஏறும் கோடும் இறங்கும் கோடும் வெட்டும் இடத்தில் நின்று யோசி.

சிங்கிள் லைனில் எங்கள் வேலையின் உயிர் இங்கேதான் இருந்தது. ஒரு கணக்கு தருகிறேன், வரைபடத்தாளில் போடு. இரண்டு ஊர்கள், இடையில் 120 கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. கீழ் ஊரிலிருந்து காலை 6 மணிக்கு ஒரு வண்டி, மணிக்கு 40 கிலோமீட்டர். சாய்வு +40. மேல் ஊரிலிருந்து 7 மணிக்கு எதிர் வண்டி, மணிக்கு 60. சாய்வு −60. 7 மணிக்கு முதல் வண்டி 40 கிலோமீட்டர் வந்திருக்கும், மிச்சம் 80. இரண்டும் சேர்ந்து மணிக்கு 100 கிலோமீட்டர் நெருங்குகின்றன, ஆகவே 48 நிமிஷம். கோடுகள் வெட்டுவது 7:48-க்கு, கீழ் ஊரிலிருந்து 72-ஆவது கிலோமீட்டரில். பரீட்சையில் இதோடு விடை முடிந்தது. எங்கள் சார்ட்டில் இது விடையே இல்லை. 72-ஆவது கிலோமீட்டரில் ஸ்டேஷன் இல்லாவிட்டால் அது நேருக்கு நேர் மோதல்.

60-ஆவது கிலோமீட்டரில் ஒரு ஸ்டேஷன், 80-ஆவதில் ஒரு ஸ்டேஷன், இரண்டிலும் லூப் லைன் உண்டு என்று வைத்துக்கொள். வெட்டும் புள்ளியை இந்த இரண்டில் ஒன்றுக்கு இழுக்க வேண்டும். 80-இல் கிராஸிங் வைத்தால் எதிர் வண்டி 7:40-க்கு அங்கே வந்து, முதல் வண்டி 8 மணிக்கு வந்து சேரும் வரை 20 நிமிஷம் படுக்கைக் கோடாக நிற்கும். பிறகு பழைய −60 சாய்விலேயே இறங்கிக் கீழ் ஊருக்கு 9 மணிக்குப் பதில் 9:20-க்கு வரும். 60-இல் வைத்தால் முதல் வண்டி 7:30-க்கு வந்து, 8 மணிக்கு எதிர் வண்டி கடக்கும் வரை அரை மணி நிற்க வேண்டும். அது மேல் ஊருக்கு 9 மணிக்குப் பதில் 9:30-க்குப் போகும். மொத்தத் தாமதத்தைப் பார்த்தால் 80-தான் லாபம். ஆனால் மேலிருந்து வருவது எக்ஸ்பிரஸ், கீழிருந்து போவது கூட்ஸ் என்றால் நான் கூட்ஸை 60-இலேயே லூப்பில் போட்டுவிடுவேன். இரண்டையும் தனித்தனித் தாளில் வரைந்து பார். ஏறும் சாய்வு, இறங்கும் சாய்வு, பூச்சியச் சாய்வு மூன்றும் ஒவ்வொன்றிலும் இருக்கும். அளவுத்திட்டத்தை மேல் மூலையில் எழுத மறக்காதே, பரீட்சையில் அதற்கும் மதிப்பெண் போகும்.